பெய்த மழைக்கு விளக்கம்

இரண்டு மணிக்கு வந்து சொன்னால் போதும் என்று அந்த அம்மா சொன்னபோது ஒன்று அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது, ஆக அறுபத்தோரு நிமிஷம், அதில் ஒன்று படியிறங்கியதில் போயிற்று, மீதி அறுபதும் எனக்கே எனக்கு, முப்பத்து நாலு வருஷ உத்தியோகத்தில் நான் கேட்காமலே சர்க்கார் எனக்குக் கொடுத்த முதல் மணிநேரம் இது, இதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் புங்கமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் வைக்கலாம் என்றால் மடியில் நகல்கள் இருக்கின்றன, பதினோரு தாள், கார்பன் வாசனை இன்னும் போகவில்லை, அவசர அவசரமாகத் தட்டி எடுத்துக் கொடுத்தது, அதுவும் அந்த அம்மா கேட்டதால். இவருக்கு ஆவண நகல் எல்லாம் குடுத்தாச்சா என்று கேட்டார்கள், இல்லைங்கம்மா, நடந்ததெல்லாம் அவருக்கே தெரியுமேன்னு என்று எங்கள் ஆபீஸ் கண்காணிப்பாளர் சுந்தரவடிவேல் இழுத்தார், தெரியுங்கிறது வேற, குடுக்கிறது வேற, குடுங்க, படிச்சிட்டு வந்து பதில் சொல்லட்டும் என்றார்கள், இவ்வளவுதான், குரலை உயர்த்தக்கூட இல்லை. துணை ஆட்சியர் எஸ்தர் ஞானமணி, விசாரணை அலுவலர். பெயரை மெமோவில் பார்த்தபோது யாரோ பெரிய ஆகிருதி என்று நினைத்தேன், நேரில் பார்த்தால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் ஒரு மெலிந்த அம்மா, உள்ளே நுழைந்ததும் உக்காருங்க என்றார்கள், நான் பின்னால் திரும்பி யார் வந்திருக்கிறார் என்று பார்த்தேன், உங்களைத்தான் என்றார்கள், குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நாற்காலி, அதுவும் கை வைத்த நாற்காலி, என் பிருஷ்டம் அதை நம்பவே இல்லை, நுனியிலேயே உட்கார்ந்திருந்தது.

பதினேழு பி, ஒழுங்கு நடவடிக்கை விதி. சர்க்கார் வேலை பார்ப்பவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால் பதினேழு ஏ என்றால் காதைத் திருகுவது, பதினேழு பி என்றால் கழுத்தை. கழுத்து போனால் வேலை போகும், ஓய்வூதியம் போகும், எட்டு மாசத்தில் மாலை போட்டு அனுப்ப வேண்டியவனை மாலை இல்லாமல் அனுப்பிவிடுவார்கள். செய்த குற்றம் என்ன, மழையை அளந்தது, அவர்கள் கணக்கில் பெய்யாத மழையை. கண்மாய்க்கரை பங்களாவில் மழைமானி இருக்கிறது, தகரப் புனல், அடியில் போத்தல், தினமும் காலை எட்டரைக்குப் போத்தலில் உள்ளதைக் கண்ணாடி அளவுக்குழாயில் ஊற்றி எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதி ஆபீஸுக்கு போன் பண்ண வேண்டும், பத்தொன்பது வருஷம் பண்ணினேன், முக்கால்வாசி நாள் சுழியம், எங்கள் பக்கத்தில் சுழியம் எழுதியே ஒருவன் பேனா தேய்ந்து போவான். போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரை இருக்கும், கண்மாய்க்கு நேர் மேலே மட்டும் கருக்கட்டி, கிழக்கே வெயில் மேற்கே வெயில், நடுவிலே நாங்கள், அரைமணி நேரம் கொட்டித் தீர்த்தது, கரை வேலைக்காரர்களுக்கு லீவு, பங்களாவில் நானும் காவலாளி வீரணனும் தவிர ஈ காக்கை இல்லை. மறுநாள் காலை அளந்தேன், அறுபத்து நாலு. இன்னொரு தடவை அளந்தேன், அறுபத்து நாலேதான். எழுதினேன், போன் பண்ணினேன். பொறியாளர் வீடு ஆறு மைல் தள்ளி டவுனில், அங்கே தூறல்கூட இல்லை, ஆனால் அறுபத்து நாலு என்றதும் மனுஷனுக்குக் கரை ஞாபகம் வந்துவிட்டது, பாதி வெட்டிப் போட்ட கரை, உடைந்தால் போச்சே என்று வந்து பார்க்காமலேயே போனில் மதகு ஷட்டரைத் தூக்கச் சொல்லிவிட்டார், கோடைக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுசும் ஓடையில் போயிற்று. ஊர்க்காரர்கள் குடத்தோடு மறியல். மூணு நாள் கழித்து ஜீப்பில் வந்து பார்த்தார், சித்திரை வெயிலில் தரை பொரிகடலை மாதிரி கிடக்கிறது, எங்கேய்யா மழை என்றார். நான் வானத்தைக் காட்டினேன். அது தப்பு, இப்போது புரிகிறது, அந்த நேரத்தில் வானத்தைக் காட்டியிருக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய தப்பு அதற்கு முந்தைய பத்தொன்பது வருஷம். நான் சும்மா இருக்க மாட்டேன், என் வாய் அப்படி. கண்மாயில் பிடித்த விரால் வயிற்றுக்குள் தாலுகா ஆபீஸ் முத்திரை கிடந்தது, மூணு வருஷமாக அந்த மீன்தான் வருமானச் சான்று கொடுத்துக்கொண்டிருந்தது என்று நான் சொன்னதை ஒருத்தர் நிஜமாகவே தாசில்தாரிடம் போய் விசாரித்தார். ஒருநாள் அடித்த காற்றில் என் சைக்கிள் தன்னால் ஆபீஸுக்குப் போய்விட்டது, நான் நடந்து போய்ச் சேருமுன் கையெழுத்தும் போட்டிருந்தது என்று சொன்னேன், அது வருகைப் பதிவேட்டில் எனக்கு இருந்த ஒரு சிக்கலுக்காகச் சொன்னது. யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்கள், டீக்கு நடுவே கடித்துக்கொள்ள வடை மாதிரி, சிரித்துவிட்டுப் போவார்கள், சீனிச்சாமி வாய்க்கு சர்க்கரையே வேண்டாம் என்பார்கள். அந்தச் சிரிப்பெல்லாம் சேர்ந்து இப்படி ஒரு தாளில் வந்து உட்காரும் என்று யாருக்குத் தெரியும், குற்றச்சாட்டுக் குறிப்பாணை, முதல் வரி, வழக்கமாகப் பொய்யுரைக்கும் இயல்புடைய மேற்படி வே. சீனிச்சாமி என்பார். வழக்கமாக. இந்தச் சொல் ஆறு மாசமாக என் தொண்டையில் விரால் முள் மாதிரி நிற்கிறது, சோற்றை உருட்டி விழுங்கினால் இறங்குமா என்று பார்க்கிறேன், இறங்கவில்லை. வழக்கமாக. பொய் என்று சொல்ல முடியவில்லையே, அதுதான் வேதனை. அந்த அம்மா காலையில் அந்த வரியைப் படித்துவிட்டு நிறுத்தினார்கள், கண்ணாடியைக் கழற்றினார்கள், துடைத்தார்கள், போட்டார்கள், இது குற்றச்சாட்டா வர்ணனையா என்று கேட்டார்கள். சுந்தரவடிவேல் சிரித்தார், அம்மா, ஊருக்கே தெரியும்மா, இவரு வாயத் தெறந்தா... என்றார். அந்தத் தேதியில மழை பெய்ஞ்சுதா இல்லையாங்கிறதுதான் இங்க கேள்வி, இவர் நல்லவரா கெட்டவராங்கிறது இல்ல, அதுக்கு மெமோவும் குடுக்கல, பதிலும் கேக்கல, இதை நான் பாக்கப் போறதில்ல என்று சொல்லி, தன் குறிப்புத் தாளில் எழுதி வைத்தார்கள், வழக்கமாக எனத் தொடங்கும் பகுதி கருத்தில் கொள்ளப்படவில்லை. என்னைப் பெற்ற ஆத்தாகூட என் வாழ்க்கையில் ஒரு பகுதியை இப்படிக் கருத்தில் கொள்ளாமல் விட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன், அதுவும் பொய், அதையும் கருத்தில் கொள்ளாமல் இருந்தால் தேவலை.

மணி ஒன்றேகால். ஐப்பசி மாசம், வானத்தில் பொட்டு மேகம் இல்லை, சித்திரையில் பெய்ததற்கு ஐப்பசியில் விசாரணை, ஐப்பசியில் பெய்யாததற்கு யாரை விசாரிப்பார்களோ. என் வீட்டுக்காரி தங்கப்பொண்ணு கட்டிக் கொடுத்த புளிச்சோறு மணக்கிறது, காலையில் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, அங்க போயி நீளமாப் பேசாதீக, கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க என்றாள், முப்பது வருஷமாக இதைத்தான் சொல்கிறாள், இன்றைக்குத்தான் காதில் விழுந்தது, அவளுக்கு ஒரு கும்பிடு. சாப்பிடலாம் என்று பிரிக்கும்போது சுந்தரவடிவேல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், பெஞ்சு ஒரு பக்கம் தூக்கியது. ஏண்ணே, எதுக்கு இந்த இழுபறி என்று என் காதோரம் கேட்டார். அய்யாகிட்ட பேசிட்டேன், அய்யா என்றால் பொறியாளர், ரெண்டு மணிக்கு உள்ள போயி, தெரியாம எழுதிட்டேன், போத்தல்ல யாரோ தண்ணி ஊத்திருக்காக, நான் பாக்காம எழுதிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வரி சொல்லுங்க, பி-யை ஏ-யா மாத்தி ஒரு கண்டனத்தோட முடிச்சுவிட அய்யா எழுதுறாக, எட்டு மாசத்துல மாலையோட வீட்டுக்குப் போங்க. நான் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னண்ணே யோசனை, ஊருக்கெல்லாம் சும்மா பொய் சொன்னீக, உங்களுக்காக ஒண்ணு சொல்ல மாட்டீகளா, என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டிய இடம் இன்னும் சூடாக இருக்கிறது. கெட்ட மனுஷன் இல்லை, நிஜமாகவே எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார், அவருக்கும் ஒரு கும்பிடு போட வேண்டியதுதான். போத்தலில் தண்ணீர் ஊற்றியவன் ஒருவன், அழகான பொய், நானே இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது, ஊற்றியவனுக்கு ஒரு பெயர் வைத்து, கையில் ஒரு செம்பு கொடுத்து, அந்தச் செம்புக்கு ஒரு கதை கொடுத்து, அரைமணி நேரம் ஓட்டலாம். ஒரு வரி. வாய் வலிக்காது. மழை எனக்கு என்ன மாமனா மச்சானா, அது பெய்துவிட்டுப் போய்விட்டது, அதற்கு நான் சாட்சி சொல்லி அது எனக்கு என்ன செய்யப்போகிறது.

ஆனால் அறுபத்து நாலு. குழாயைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தேனே, நீரின் வளைவுக்கு அடிக்கோட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று முதல் நாள் சொல்லிக்கொடுத்தார்களே, அப்படித்தான் பார்த்தேன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. இதிலே ஒரு வேடிக்கை, நான் சொன்ன எதையும் எவரும் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை, பாதியைக் கழித்துவிட்டு மீதியைச் சிரித்துவிடுவார்கள், ஆனால் அந்தப் பதிவேட்டில் நான் எழுதியதை மட்டும் பத்தொன்பது வருஷம் மாவட்டமே நம்பியது, போனில் ஏழு என்றால் அந்தப் பக்கம் ஏழு என்று எழுதிக்கொள்வார்கள், ஏனய்யா எட்டு இல்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் வாய் ஒரு ஆள், என் பேனா வேறு ஆள். வாய்க்காகப் பேனாவைக் காட்டிக் கொடுப்பதா. சரி, பெரிய அரிச்சந்திரன், வேலை போனால் என்ன செய்வாய், அந்தப் பதிவேட்டையா கரைத்துக் குடிப்பாய், தங்கப்பொண்ணு முகத்தில் எப்படி முழிப்பாய். தாள்களைப் புரட்டினேன். எட்டாவது தாள். வீரணன் வாக்குமூலம். மேற்படி தேதியில் மேற்படி இடத்தில் மழைப்பொழிவு ஏதும் நிகழவில்லை எனவும், அடியில் வீரணன் கையெழுத்து, தட்டிய நகலிலும் அவரையே போடச் சொல்லியிருக்கிறார்கள், வீ-யை எப்போதும் தலைகீழாய்ப் போடுவார், இதிலும் தலைகீழ், அவர்தான். மழைப்பொழிவு. வீரணன் வாயில் இந்தச் சொல் நுழைய வேண்டுமென்றால் இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டும். யாரோ எழுதி நீட்டியிருக்கிறார்கள், போட்டிருக்கிறார். பன்னிரண்டு வருஷமாகத் தினக்கூலிக் காவலாளி, பணி நிரந்தரமாக்கும் கோப்பு பொறியாளர் மேஜையில் கிடக்கிறது, அந்தக் கோப்பு என்ன எடை என்று எனக்குத் தெரியாதா, அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, வந்தது பாவமாக இருந்தது.

வீரணன் பெஞ்சின் அந்த முனையில்தான் உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து அங்கேதான், துண்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக. சாட்சியோடு விசாரணை முடியிற வரைக்கும் பேசக்கூடாது என்று அந்த அம்மா இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டார்கள், பேசாமல் இருக்கிறோம், இருபதடி தூரத்தில் இருந்தால்கூட சத்தம் போட்டுப் பேசிக்கொள்கிற ஆட்கள், இப்போது ஐந்தடி, நடுவில் புங்கஞ்சருகு உதிர்ந்து கிடக்கிறது. புளிச்சோற்றில் பாதியை இலையோடு அவர் பக்கம் நகர்த்தினேன். சோறு பேச்சில் சேருமா சேராதா, விதியில் எங்கேயும் இல்லை என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்க்காமல் எடுத்துச் சாப்பிட்டார், ஒரு பருக்கை விடாமல், பிறகு எழுந்து போய் என் செம்பிலும் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து வைத்தார். வெயில் சாய்ந்து என் கால்மேல் ஏறியது. இப்படி ஒரு மதியம், ஒரு நிழல், பொய்ச் சாட்சி சொல்ல வந்தவர் கொடுத்த தண்ணீர், படித்துப் பார்க்க எனக்கென்றே தட்டிய பதினோரு தாள், இத்தனையும் கிடைத்துவிட்டது, இனிமேல் கழுத்தைப் பிடித்தாலும் கை கழுவிக்கொண்டுதானே பிடிக்கிறார்கள் என்று ஒரு நிம்மதி வந்தது, வந்தவுடன் போய்விட்டது, மறுபடி வந்தது. கேட்டுவிட்டுத் தண்டிப்பதற்கும் கேட்காமல் தண்டிப்பதற்கும் உள்ள வித்தியாசம் தண்டனையில் இல்லை போலிருக்கிறது, ஆளில் இருக்கிறது, கேட்கப்பட்டவன் ஒரு ஆள். இரண்டு அடித்தது.

உள்ளே போனேன். இந்தத் தடவை நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தேன். நகலெல்லாம் படிச்சீங்களா, படிச்சேம்மா, நேரம் போதுமா, போதும்மா, குற்றச்சாட்டை ஏத்துக்கிறீங்களா மறுக்கிறீங்களா. சுந்தரவடிவேல் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே தலையாட்டினார். வாயைத் திறந்தேன், உள்ளே செம்போடு அந்த ஆள் தயாராக நின்றுகொண்டிருந்தான், பெயர்கூட வைத்துவிட்டேன், ஆனால் வெளியே வந்தது, மறுக்கிறேம்மா, மழை பெஞ்சுச்சு, அளந்தேன், எழுதினேன். எழுதிக்கொண்டார்கள். பேனா நின்றது. வேற ஏதாவது சொல்லணுமா. இல்லம்மா. சுந்தரவடிவேல் ஆச்சரியத்தில் வாயை மூடவில்லை, இருபது வருஷத்தில் நான் இவ்வளவு சின்னதாக ஒன்று சொல்லி அவர் கேட்டதில்லை. அப்புறம் வீரணனைக் கூப்பிட்டார்கள், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார், அவருக்கும் உக்காருங்க என்றார்கள், அவரும் பின்னால் திரும்பிப் பார்த்தார். மழை பெஞ்சுதா. பெய்யலைங்க. தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, இவரை நீங்க கேள்வி கேக்கலாம், அது உங்க உரிமை என்றார்கள். உரிமை. எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை, ஏன்யா பொய் சொல்றே என்று நான் எந்த முகத்தோடு கேட்பது, அவர் கழுத்து நரம்பு துடிப்பதையே பார்த்தேன், பாவம், இறுக்கமாக இருக்கிறாரே, கொஞ்சம் லேசாக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான், வேறு எந்தத் திட்டமும் இல்லை, நாளைக்கு டீக்கடையில் திட்டம் போட்டுத்தான் கேட்டேன் என்று சொல்லத்தான் போகிறேன், ஆனால் நிஜம் இதுதான், பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது, என்னா வீரணா, அன்னைக்கு ஆலங்கட்டி தேங்காத் தண்டி விழுந்துச்சே, ஓட்டுல ஒரு ஓடு மிஞ்சலையே, என்றேன். வீரணன் விருட்டென்று நிமிர்ந்தார், பன்னிரண்டு வருஷமாக நான் ஒன்றைச் சொல்ல அவர் அதைச் சுருக்க, நான் பத்து என்றால் அவர் ஒன்று என்க, அப்படியே பழகிப்போன தலை அது, அந்தத் தலை கோப்பையும் பொறியாளரையும் மறந்துவிட்டு, சும்மா இருங்க சார், தேங்காயாம் தேங்கா, சுண்டைக்கா தண்டிகூட இல்ல, ஒரு ஓடுகூட ஒடையல, நாந்தானே துடைப்பத்தால கூட்டித் தள்ளுனேன், என்றது.

வீரணன் தன் வாயைத் தானே பார்க்க முயல்கிறவர் மாதிரி கண்ணைத் தாழ்த்தினார். சுந்தரவடிவேல் இருமினார். அந்த அம்மா கண்ணாடியைத் துடைக்கவில்லை, குரலும் மாறவில்லை, அந்த ஆலங்கட்டியை நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா, பயப்படாமச் சொல்லுங்க, இங்க சொல்றதுக்காக உங்களை யாரும் எதுவும் பண்ண முடியாது, பண்ணினா அதுக்கும் விளக்கம் கேக்க வழியிருக்கு என்றார்கள். வீரணன் என்னைப் பார்த்தார், சோறு தின்ற தன் கையைப் பார்த்தார், பாத்தேம்மா என்றார், நல்ல மழைம்மா. கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதினார்கள், என் தேங்காயை ஒரு வரியில், அவர் சுண்டைக்காயை அடுத்த வரியில், பிறகு எங்களுக்குப் படித்துக் காட்டினார்கள், திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்யும் அதற்கு அவர் சொன்ன திருத்தமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் சர்க்கார் மையில் நின்றன. இல்லைங்கம்மா, சரியா இருக்கு என்றேன். பேனாவை நீட்டினார்கள். முதலில் நான் போட்டேன், அப்புறம் வீரணன் குனிந்து, வீ-யைத் தலைகீழாய்த் தொடங்கினார், நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசிப் புள்ளி வரைக்கும் போட்டு முடித்தார்.